ஓலை வாசித்த ஞாயிறு

தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று, ராயபுரம் மாதா கோயில் பூசையில் ஹெப்சிபாவின் கல்யாண அறிவிப்பான ஓலையை, மூன்றில் இரண்டாம் முறையாக வாசித்தார்கள். அன்றே அவள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், தனக்கு வலிப்பு உண்டென்று சொல்லிவிட்டு வந்தாள். அப்பன் அம்புரோஸுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு எத மறைக்கணும்னே தெரில. இப்டியே போனா எந்த வூட்லயும் கல்யாணம் நடக்காது!"

"தெரிஞ்சே கட்டிக்கட்டும் நைனா."

"எனக்குந்தான் வலிப்பு கீது. உங்கம்மா கைல சொல்லிட்டா கட்னேன்? நல்லாத்தான வாழ்றோம்?"

மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவி இருதயம்மாள் நிமிர்ந்தாள்.

"நமக்கும் மூணு ஓலை வாசிச்சாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல. சொல்லியிருந்தாலும் உன்னத்தான் கட்டியிருப்பேன். ஆனா, மொதமொத உனக்கு இழுத்தப்ப, நீ செத்துட்டன்னு நெனச்சி தாலியப் புடிச்சிக்கினு தெருவுல ஓடியிருக்க மாட்டேன்."