துவர்ப்பு மூஞ்சி

தைனா எங்கள் பாலர் பள்ளிக்கு வந்தது செப்டம்பர் கடைசியில். ஐந்து வயது. அவள் அப்பா மார்சியோ அரசாகிக்குத் தாத்தா வழியில் ஜப்பானிய ரத்தம். முகம் எங்களைப் போல, பிறந்து வளர்ந்ததெல்லாம் பிரேசில். ஆற்றங்கரையில் இருக்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, எங்கள் மொழி பேச வரும். அம்மா இவோனேவுக்கு எங்கள் மொழியில் வாயில் வந்தது காலை வணக்கமும் நன்றியும் மன்னிப்பும்தான். அதை வைத்துக்கொண்டு தினமும் வாசலில் குனிந்து கும்பிட்டு மகளை விட்டுவிட்டுப் போவாள்.

நான் ஊதாப்பூ வகுப்பின் ஆசிரியை ஓகிவாரா. தைனாவோடு சேர்த்து இருபத்திரண்டு பிள்ளைகள். இலையுதிர்காலம் வந்துவிட்டால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அடுத்த வாரம் பிள்ளைகள் என்னென்ன செய்யப் போகிறார்கள் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படம் வரைந்து ஒரு தாள் வீட்டுக்கு அனுப்புவேன். ஒரு வாரம் இலைகளை நிறம் பார்த்துப் பிரித்து ஒட்டுவது, ஒரு வாரம் கருவாலி மரத்துக் கொட்டையில் பம்பரம் செய்வது, ஒரு வாரம் ருசி பார்ப்பது. அம்மாக்கள் அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைப்பார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு.

தைனா முதல் இரண்டு வாரம் செருப்பு அலமாரியை விட்டு நகரவில்லை. தொப்பியைக் கழற்ற மாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் சத்தமில்லாமல் அழுவாள். நான் அவளிடம் போய் உட்கார்ந்தால் இந்தப் பக்கம் இருபத்தொரு பேரும் பசையைத் தலையில் பூசிக்கொண்டு நிற்பார்கள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்கவில்லை.

ருசி வாரத்தின் திங்கட்கிழமை. எங்கள் முற்றத்தில் இரண்டு பெர்சிமன் மரங்கள் நிற்கின்றன. பழம் பார்க்கத் தக்காளி போலத் தளதளவென்று இருக்கும். ஆனால் இது துவர்ப்பு ஜாதி. தோலைச் சீவி, கயிற்றில் கட்டி, கூரை இறவாணத்தில் நாற்பது நாள் காயவிட்டால்தான் இனிக்கும். அதற்கு முன் கடித்தால் நாக்கு தோல் செருப்பாகிவிடும். எங்கள் பள்ளத்தாக்கில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் இது தெரியும்.

ஒரு பழத்தைக் கீற்றுப் போட்டுத் தட்டில் வைத்தேன். "நுனி நாக்கால தொட்டுப் பாருங்க. தொட்டா போதும், கடிக்கக் கூடாது." இரண்டு தடவை சொன்னேன். பிள்ளைகள் தொட்டுவிட்டு வீல் வீல் என்று கத்தினார்கள். தைனாவுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். முழுக் கீற்றையும் வாயில் போட்டு நறுக்கென்று கடித்தாள்.

அவள் முகம் அப்படியே உள்ளே போனது. கண் இரண்டும் மூக்கோடு சேர்ந்து, உதடு சுருக்குப்பை வாய் போல இழுபட்டு, காது வரைக்கும் ஆடியது. வகுப்பே சிரித்தது. பிள்ளைகள் சிரித்ததைப் பார்த்து நான் சிரித்தேன் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. முதலில் சிரித்தது நான். என் கையில் கேமராவும் இருந்தது.

மறுநாள் அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தாழ்வாரப் பலகையில் ஒட்டினேன். 'தைனாவின் முதல் இலையுதிர்காலம்' என்று கீழே எழுதி, பக்கத்தில் ஒரு பழமும் வரைந்தேன்.

"டீச்சர், வயிறு வலிக்குது சிரிச்சு சிரிச்சு. எங்க மாமியார் இதப் பாக்கவே வந்தாங்க, தெரியுமா?" என்றாள் கொஹாருவின் அம்மா. கொஹாரு என் வகுப்பில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற பெண்.

மாலையில் இவோனே வந்தாள். மகளின் படத்தைப் பார்த்தாள், சுற்றிச் சிரிக்கிற அம்மாக்களைப் பார்த்தாள், ஒரு கணம் தடுமாறி, தானும் சிரித்தாள். செல்பேசியை எடுத்து அந்தப் படத்தைப் படம் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து விளையாட்டு தொடங்கியது. "தைனா, மூஞ்சி! துவர்ப்பு மூஞ்சி காட்டு!" அவள் காட்டுவாள். பிள்ளைகள் தரையில் உருளுவார்கள். அவளும் சிரிப்பாள். தொப்பி கழன்றது. சாப்பாட்டு நேரத்து அழுகை நின்றது. தலைமை ஆசிரியை ஷிமோஹிரா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "பாத்தீங்களா ஓகிவாரா டீச்சர், பிள்ளைங்களே அவளைச் சேத்துக்கிட்டாங்க. நாம ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார். அந்த வெள்ளிக்கிழமைத் தாளில், தைனா வகுப்போடு கலந்துவிட்டாள் என்று எழுதினேன்.

வெறும் மூஞ்சி பிள்ளைகளுக்கு நாலு நாளில் அலுத்துவிட்டது. ஒரு நாள் இலைக் கிரீடங்களுக்கு மஞ்சள் இலை பொறுக்க முற்றத்துக்குப் போனேன். மரத்தடியில் கொஹாருவும் ரியூசே என்கிற பையனும் தைனாவும். தாழ்ந்த கிளையில் பழம் கைக்கெட்டும் உயரம். அன்று மத்தியானம் வகுப்பே ஜோடி ஜோடியாகக் கோயில் வரைக்கும் நடந்து போவதாக இருந்தது.

"கோயில் வரைக்கும் என் கையப் பிடிச்சுக்கிட்டு நடக்கணுமா? ஒரு கடி," என்றாள் கொஹாரு.

"ஒண்ணு," என்றாள் தைனா. எண்கள் அவளுக்கு வந்துவிட்டன, நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

"நடிக்கக் கூடாது, நெசமா முழுங்கணும். துப்பினா செல்லாது."

"வீட்டு விளையாட்டுல அம்மாவா இருக்கணும்னா ரெண்டு," என்றான் ரியூசே.

"நாய்க்குட்டின்னா?" என்று கேட்டாள் கொஹாரு.

"நாய்க்குட்டின்னா கடிக்க வேண்டாம், சும்மா கிடைக்கும்."

தைனா இரண்டு விரலைக் காட்டினாள். கடித்தாள். முகம் சுருங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். வாயைத் திறந்து நாக்கைக் காட்டினாள். கொஹாரு குனிந்து பரிசோதித்துவிட்டு, "சரி, நீதான் அம்மா," என்று தன் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்தபோது தைனாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

கூடை நிறைய இலை இருந்தது. இருபத்திரண்டு கிரீடம் ஒட்ட வேண்டும். உள்ளே போய்விட்டேன்.

பழம் காயவைக்கிற வாரம் வந்தது. பிள்ளைகள் சீவுகிற தோலெல்லாம் ஒரு தொட்டியில் குவிந்தது. திரும்பிப் பார்த்தால், நாலைந்து பேர் தைனாவைச் சுற்றி உட்கார்ந்து தோலை ஊட்டிக்கொண்டிருந்தார்கள். "குஞ்சுக்குப் பசிக்குதாம், வாயைத் திற!" அவள் கழுத்தை நீட்டி வாயைத் திறந்தாள். "போதும், கை கழுவுங்க," என்று சொன்னேன். கை கழுவச் சொன்னேன், அவ்வளவுதான்.

நவம்பர் இரண்டாவது வாரம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்டப் போனோம். வயலில் தைனா வரப்போரம் குந்தி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பழைய பிடிவாதம் திரும்பிவிட்டது என்று எனக்கு எரிச்சல்.

"நடிக்காத, தைனா. எந்திரி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் சுருங்கிக் கிடந்தது.

"டீச்சர், அவ மூஞ்சி காட்டுறா! யாரும் கேக்காமயே காட்டுறா!" என்று ரியூசே கத்தினான். எல்லோரும் கிழங்கைப் போட்டுவிட்டுச் சிரிக்க ஓடி வந்தார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பழுப்பு நிறத்தில் வாந்தி எடுத்து, அதன் மேலேயே சாய்ந்தாள்.

துவர்ப்புப் பழம் வயிற்றுக்குள் சேர்ந்து இறுகிக் கல்லாகும் என்று எனக்குத் தெரியாது. கல் நகர்ந்து குடலை அடைத்திருந்தது. மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். கோழிமுட்டை அளவு என்றார் மருத்துவர்.

"வீட்டுல பெர்சிமன் மரம் இருக்கா?" என்று அவர் மார்சியோவைக் கேட்டார்.

"மரமா? நாங்க மூணாவது மாடியில இருக்கோம்," என்றான் அவன். பிறகு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஷிமோஹிரா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"நீங்க தடுத்தீங்க, இல்லையா?"

அவர் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

"தடுத்திருப்பீங்க. குறிப்பேட்டுல இருக்கும். நல்லா பாத்துட்டு மத்தியானத்துக்குள்ள எங்கிட்ட கொண்டாங்க."

குறிப்பேட்டில் அப்படி ஒன்றும் இல்லை. அக்டோபர் இருபத்தெட்டாம் தேதிக்குக் கீழே இரண்டு வரி இடம் இருந்தது. 'பழத்தைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது என்று தைனாவிடம் சொன்னேன். புரிந்ததாகத் தலையாட்டினாள்' என்று எழுதினேன். தலையாட்டினாள் என்று எழுதும்படி யாரும் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்தது.

பத்து நாள் கழித்து அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கு வந்தார்கள். கையில் கேக் பெட்டி. இவோனே இடுப்பு மடிய வணங்கி மன்னிப்புக் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். மார்சியோ வியர்த்துக்கொண்டே, "நீங்க சொல்லியும் கேக்காம சாப்பிட்டிருக்கா. நாங்க சரியா வளக்கல. உங்களுக்கெல்லாம் பெரிய தொந்தரவு," என்றான். ஷிமோஹிரா, "பரவாயில்ல, குழந்தைதானே," என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர்கள் போனதும் தேநீரோடு அந்தக் கேக்கை எல்லோருக்கும் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. நல்ல கேக்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தைனா வீட்டிலேயே தேறிக்கொண்டிருந்தாள். டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒருவரிடமும் சொல்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

இவோனே ஓடி வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். சர்க்கரை தூக்கலாகக் காப்பி, சீஸ் போட்ட உருண்டை ரொட்டி. தைனா ஜன்னலோரம் தரையில் படுத்து வரைந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். சுவரில் அவள் வரைந்த படம் ஒட்டியிருந்தது: வரிசையாகக் கை கோத்த பிள்ளைகள். இவோனே விரல் வைத்து ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். கொஹாரு. ரியூசே.

"ஊருக்கு போன் போட்டா இதே பேச்சுதான், டீச்சர்," என்றான் மார்சியோ. "எம்பொண்ணுக்கு இங்க எத்தன கூட்டாளிங்க தெரியுமான்னு. பிரேசில்லகூட இவளுக்கு இத்தன பேர் கிடையாது. இவளைப் பாத்துத்தான் நாங்களே இந்த ஊர்ல இருந்துடலாம்னு முடிவு பண்ணினோம்."

அப்போதே எழுந்து வந்திருக்கலாம். நான் சொன்னேன். படம் எடுத்தது, பலகையில் ஒட்டியது, மரத்தடியில் கேட்டது, தோலை ஊட்டியதைப் பார்த்தது, குறிப்பேடு, எல்லாம். ஒரு கடிக்கு ஒரு கை, இரண்டு கடிக்கு அம்மா வேஷம் என்பதைக்கூட விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு மனம் லேசாகிக்கொண்டே வந்தது.

மார்சியோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். இவோனே சிரித்த முகத்தோடு அவன் தோளைத் தட்டி ஏதோ கேட்டாள்.

"என்ன விஷயம்னு கேக்குறா," என்றான் அவன். "இதையெல்லாம் இவகிட்ட நான் சொல்லணுமா?"

"சொல்லிடுங்க," என்றேன்.

அவன் சொன்னான். அவர்கள் மொழியில் அது சீக்கிரமே முடிந்துவிட்டது. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என் முன்னாலிருந்த ரொட்டித் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் பேசினாள். மார்சியோ ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துக் கொடுத்தான்.

"நீங்க பொய் எழுதினது அவளுக்குப் புரியுதாம். வேலை போயிடும்னு பயந்திருப்பீங்க. அவளும் பயந்தவதான். ஆனா... இத எதுக்கு இங்க கொண்டு வந்தீங்கன்னு கேக்குறா. எம்பொண்ணு வயித்துல தையலோட வந்தா. அவகிட்ட மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு. அவளுக்கு ஆளுங்க இருக்காங்கன்னு. அதையும் எடுத்துட்டுப் போகத்தான் வந்தீங்களான்னு கேக்குறா."

"நான் மன்னிப்பு கேக்க வந்தேன்."

அவன் அதை மொழிபெயர்க்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன், கிரேயான் தேய்கிற சத்தம் நின்றிருந்தது. அம்மாவுக்குத்தான் எங்கள் மொழி தெரியாது. மகளுக்கு இரண்டு மாதமாக நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தைனா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர்." எங்கள் ஊர்ப் பிள்ளை மாதிரியே கூப்பிட்டாள். "நான் கடிக்கலன்னா கொஹாரு என் கையப் பிடிச்சிருக்க மாட்டாளா?"

பிடித்திருப்பாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு உண்மை மட்டும்தான் பேசுவது என்று கிளம்பி வந்தவள் நான்.

"தெரியல," என்றேன்.

அவள் தலையாட்டினாள். சுவருக்குப் போய், எட்டி, படத்தைக் கிழியாமல் உரித்தாள். நாலாக மடித்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மார்சியோ எழுந்து எனக்காகக் கதவைத் திறந்தான்.

அவன் மறுநாளே பள்ளிக்கு வந்தான். குறிப்பேட்டைக் கேட்டான். நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து கேள்வி கேட்டார்கள். ஷிமோஹிரா எல்லாவற்றையும் என் தலையில் போட்டார். அதில் முக்கால்வாசி நியாயம்தான். கல்வியாண்டு முடிகிற மார்ச் வரைக்கும் நான் இருக்கலாம், அப்புறம் வேண்டாம் என்று முடிவானது. அரசாகி குடும்பம் அதற்கு முன்பே கடற்கரைப் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலை ஊருக்குப் போய்விட்டது. தைனா விடைபெறக்கூட வகுப்புக்கு வரவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்த முதல் நாள், வட்டமாக உட்கார்ந்திருந்தபோது பிள்ளைகளிடம் சொன்னேன், தைனா இனிமேல் வரமாட்டாள் என்று.

"வரவே மாட்டாளா?" என்றாள் கொஹாரு.

"மாட்டா."

அவளுக்கு வருத்தம்தான், உதடு பிதுங்கியது.

"அப்போ இனிமே யாரு?" என்று கேட்டுவிட்டு, வட்டத்தை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ரியூசே என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.