மலைக்கு முதுகு காட்டியவர்

குளிருக்குப் போடக்கூடிய கனமான கோட்டு ஏதாவது வைத்திருக்கிறாயா என்று வீட்டு எசமானி சின்யோரா ஒர்தென்சியா கேட்டபோது, அகஸ்ரீனா கத்தரிக்காயைச் சதுரம் சதுரமாக வெட்டி உப்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். செப்ரெம்பர் பிறந்தும் பலெர்மோவில் வெயில் இறங்கவில்லை. ஆபிரிக்காப் பக்கமிருந்து வந்த சூட்டுக்காற்று யன்னல் பலகைகளை அடித்துக்கொண்டிருந்தது. இந்த வேக்காட்டில் கோட்டு எதற்கு என்று விளங்காமல் அவள் கத்தியைக் கீழே வைத்தாள். இமயமலைக்குப் போகிறோம் என்றார் சின்யோரா. டார்ஜிலிங் என்று ஒரு ஊர், புத்த மடங்கள் நிறைய, சின்ன வயதிலிருந்தே பார்க்க ஆசை, தனியாகப் போக மகன் விடமாட்டான், அதனால் நீயும் வருகிறாய். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வா என்று சொல்கிற குரலில் இவ்வளவையும் சொல்லிவிட்டுக் குசினியை விட்டுப் போய்விட்டார்.

அகஸ்ரீனா நம்பவில்லை. லிபெர்த்தா வீதியிலிருந்த அந்த வீட்டில் அவள் ஐந்து வருடமாக வேலை செய்கிறாள். முதல் நாலு வருடமும் சின்யோராவின் கணவருக்காக. அவர் சொத்து உறுதிகள் எழுதும் ஒரு பெரிய நொத்தாரிசு. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்க் கட்டிலோடு கிடந்தார். சின்யோரா அந்த அறைக்குள் வருவதே அபூர்வம். வந்தாலும் வாசலில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஆனால் மனிதர் கண் மூடுவதற்கு முந்திய சில மாதங்களில் திடீரென்று தினமும் வரத் தொடங்கினார். நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே போட்டுக்கொண்டு அகஸ்ரீனாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். சூப்பை ஏன் தடிப்பாக்குகிறாய், குதிக்காலுக்குக் கீழே தலையணை எதற்கு, தொடுவதற்கு முன்னால் ஏன் அவரிடம் சொல்லிவிட்டுத் தொடுகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். இவ்வளவு நாளும் வராத அக்கறை இப்போது எங்கிருந்து வந்தது? குற்றம் பிடிக்கத்தான் வந்து உட்காருகிறார் என்று அகஸ்ரீனாவுக்குத் தோன்றியது. அந்த நாட்களில் அவள் கரண்டியைக் கூடச் சத்தமில்லாமல் வைத்தாள்.

பயணச் செய்தி கேட்டு மிலானோவிலிருந்து மகன் கொர்ராதோ அவளுக்குத் தனியாகப் போன் எடுத்தான். அவன் ஒரு வழக்கறிஞன். அம்மா தேவாலயத்துக்கே ஒழுங்காகப் போகாதவர், அவருக்கு எதற்குப் புத்த மடம் என்று கேட்டான். மடத்துக்காரர்கள் யாராவது வீட்டை எழுதி வாங்கப் பார்க்கலாம், நீ என் கண்ணாக இருக்க வேண்டும், எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார் என்று நாளுக்கு நாள் சொல்ல வேண்டும் என்றான். வேலை ஒப்பந்தம் அவன் பெயரில்தான் இருந்தது. தை மாதம் அவளுடைய பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். புருசன் வலன்ரைன் ஒரு சாப்பாட்டுக் கடையில் பதிவில்லாமல் கோப்பை கழுவுகிறான். அவனுடைய விசாவும் இரண்டு பிள்ளைகளுடையதும் அவளுடைய ஒப்பந்தத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. கொர்ராதோ இதில் ஒன்றையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.

போர்கோ வெக்கியோவில், மீன்கடைகளுக்கு மேலே இருந்த தங்கள் வீட்டில், வலன்ரைன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்.

"பணக்காரர் சும்மா ஒருத்தரையும் மலை பாக்கக் கூட்டிக்கொண்டு போகமாட்டினம் அகஸ். அதுவும் பிக்குமார் இருக்கிற இடத்துக்கு. உனக்கு மறந்துபோச்சே?"

அவளுக்கு மறக்கவில்லை. முல்லைத்தீவுக் கரையில் அவர்களுடைய ஊருக்குச் சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பிப் போனபோது, கோயிலுக்குப் போகிற ரோட்டின் முடக்கில் காவலரணும் அதற்குப் பக்கத்தில் வெள்ளையடித்த புத்தர் சிலையும் இருந்தன. முன்பு அந்த இடத்தில் அவளுடைய தமையனின் மீன்வாடி இருந்தது. தமையன் வரவேயில்லை. காவி கட்டிய ஒருவர் சிலைக்கு முன்னால் நூல் கட்ட, ஆமிக்காரர்கள் வரிசையாகக் கை நீட்டி நின்றார்கள். அதற்குப் பிறகு அந்த நிறத்தில் அவள் ஒரு துணி கூட வாங்கியதில்லை.

போகாமல் விட்டால் வேலை போகும், போய் ஏதும் நடந்தால் பழி வரும். இரண்டில் எது தேவலை என்று தெரியாமலே அவள் சந்தையில் ஒரு கோட்டு வாங்கினாள்.

டார்ஜிலிங்கில் முதல் மூன்று நாளும் மலையே இல்லை. பஞ்சு மாதிரி மூடிக்கிடந்தது. ஜீப்புகள் வெளிச்சம் போட்டுக்கொண்டு வளைவுகளில் இறங்கின. கடைவாசல்களை உரசுகிற மாதிரிச் சின்னப் புகையிரதமொன்று கூவிக்கொண்டு போனது. நெற்றியில் கட்டிய பட்டியால் முதுகுச் சுமையைத் தாங்கியபடி பெண்கள் படியேறினார்கள். பார்த்த இடமெல்லாம் கயிறு கட்டி ஐந்து நிறத்தில் கொடிகள் தொங்கின. துறவிகள் இங்கே காவி கட்டவில்லை. பீற்றூட் கரைந்த மாதிரிக் கருஞ்சிவப்பு. நிறம் வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும், எதிரே யாராவது வந்தால் அவளுடைய கால் தானாக ரோட்டின் மறுபக்கம் போனது. தேத்தண்ணீர்க் கடையில் ஒரு இளம் துறவி சிரித்துக்கொண்டு எந்த நாடு என்று கேட்டபோது இத்தாலி என்றாள். அவன் அவளுடைய முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் சின்யோரா கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார். நீ அறையில் இரு, குளிரில் அலையாதே என்பார். மத்தியானம் தாண்டித் திரும்பி வரும்போது உடுப்பில் நெய்விளக்குப் புகை மணக்கும். முழங்கைவரை ஈரமாக இருக்கும். எங்கே போனீர்கள் என்று கேட்டால் மடம் பார்த்தேன் என்பார். மடம் பார்க்கப் போனவருக்குச் சட்டைக் கை ஏன் நனைகிறது? அகஸ்ரீனா அன்று கொர்ராதோவிடம், தினமும் ஒரே மடத்துக்குப் போகிறார் போலிருக்கிறது என்றாள். மறுமுனையில் அவன் பேனா எடுக்கிற சத்தம் கேட்டது. சொல்லியிருக்கக்கூடாதோ என்று பிறகுதான் யோசித்தாள்.

நாலாம் நாள் விடியலில் மூட்டம் கலைந்தது. ஹோட்டல் மொட்டைமாடிக்கு எல்லோரும் ஓடினார்கள். வானத்தில் பாதி உயரத்துக்கு, அங்கே மலை இருக்கலாம் என்று யாரும் நினைத்தே பார்க்காத இடத்தில், கஞ்சன்சங்கா நின்றது. முதலில் உச்சி மட்டும் சிவந்தது, பிறகு வெள்ளை கீழே கீழே இறங்கி வந்தது. அகஸ்ரீனா சிலுவை போட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால், சின்யோரா மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சின்ன நகவெட்டி. அதைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட மலை பின்னால் நிற்க, ஒரு தடவை கூடக் கழுத்தைத் திருப்பவில்லை.

அன்று அவள் பின்தொடர்ந்தாள்.

ஊசியிலை மரங்களுக்கிடையே இறங்குகிற பாதை, தகரக் கூரை போட்ட ஒரு பெண்துறவிகள் மடத்தில் போய் முடிந்தது. முற்றத்தில் ஒருத்தி கடுகுக்கீரை கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே மேளம் ஒரே சீராக அடித்தது. ஓரத்து அறையொன்றின் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் தலை மழித்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி, கருஞ்சிவப்பு உடையில், வாய் ஒரு பக்கம் இழுபட்டுச் சாய்ந்திருந்தாள். தரையில் சின்யோரா. பலெர்மோவில் தன் சப்பாத்தைத் தானே குனிந்து போடாத சின்யோரா, காலை மடக்கி உட்கார்ந்து, அந்தக் கிழவியின் பாதத்தை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். குதிக்காலுக்குக் கீழே தலையணை இருந்தது. இப்போது மற்றக் காலைத் தொடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார்.

தன்னுடைய கைகளைத் தானே பார்க்கிற மாதிரி அகஸ்ரீனா வாசலில் நின்றாள். அத்தனை மாதமும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தது இதற்குத்தான்.

சின்யோரா திடுக்கிடவில்லை. உன்னை அவன்தானே அனுப்பினான் என்று மட்டும் கேட்டார். பிறகு, இவள் என் தங்கை, மிம்மா, என்றார். நாற்பது வருடத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனாள், அவள் செத்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ள அப்பா எங்களைப் பழக்கினார், இவளும் வாதத்தில் விழுந்துவிட்டாள் என்று இந்த மடத்தார் எனக்குத் தகவல் அனுப்பியபோது என் கணவர் கட்டிலில் கிடந்தார். நான் இங்கேயே இருந்துவிடப் போகிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை தனியாகத் திரும்பிப் போ.

அகஸ்ரீனாவுக்கு முதலில் வந்தது கோபம். என்னுடைய தொழிலை என்னிடமே பார்த்துப் பழகி, அதைக் கொண்டே என்னை வேலையிலிருந்து தள்ளுகிறீர்கள் என்று இத்தாலியனில் கத்திவிட்டாள். முற்றத்திலிருந்தவள் எட்டிப் பார்த்தாள். தன் எதிரே ஏதோ நடிப்பு நடக்கிறதென்றும், இந்த மடத்துக்காரர்கள் சின்யோராவுக்கு என்னவோ ஊட்டிவிட்டார்கள் என்றும் அகஸ்ரீனாவின் மனதில் ஓடியது.

முற்றத்துக்கு வந்து கொர்ராதோவுக்குப் போன் எடுத்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றுதான் எடுத்தாள். ஏனோ சுற்றி வளைத்து, உங்கள் சித்தி எப்போதாவது இந்தப் பக்கம் வந்திருந்தாரா என்று தொடங்கினாள்.

அம்மாவுக்குத் தங்கை கிடையாது என்றான் அவன். அம்மா ஒரே பிள்ளை. யார் உனக்கு இதைச் சொன்னது?

அகஸ்ரீனா அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கிழவிகளுக்கும் மூக்கு ஒரே மாதிரியா? வயது போனால் எல்லா வெள்ளைக்காரிகளின் மூக்கும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. பேரன்மாருக்கே சொல்லாமல் ஒரு குடும்பம் ஒரு பெண்ணைச் சாகடித்து வைத்திருக்க முடியும். ஒருத்தி யாரோ ஒருத்தியைத் தங்கை என்று சொல்லவும் முடியும். அப்படியென்றால் இவள் யார்? கட்டிலில் கிடந்த கணவனின் அறை வாசலைத் தாண்டாதவர், யாருடைய காலைப் பிடிக்க இவ்வளவு தூரம் வந்தார்?

அந்த நேரம் உள்ளே ஒரு முனகல் கேட்டது. சின்யோரா மிம்மாவைக் கதிரைக்கு மாற்றப் பார்த்திருக்கிறார். கைகளைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் கட்டில் விளிம்பில் சரிந்துகொண்டிருந்தார்கள். அகஸ்ரீனா போனைப் போட்டுவிட்டு ஓடினாள். யோசிக்க நேரமிருக்கவில்லை. அந்தக் கருஞ்சிவப்புத் துணிக்குள் இரண்டு கையையும் கொடுத்து, நெஞ்சோடு அணைத்து, முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தூக்கி இருத்தினாள். துணியில் நெய்ப்புகை. அதற்குக் கீழே, நாள்பட்டுப் படுத்திருக்கும் உடம்பின் வாடை. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடை. மிம்மாவின் நல்ல கை அவளுடைய கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. அது செபமா, வெறும் நடுக்கமா என்று சொல்ல முடியவில்லை. சின்யோராதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரித்துவிட்டு அகஸ்ரீனாவைப் பார்த்த பார்வையில் நன்றி இருக்கவில்லை. தன்னுடைய பொருளில் கை வைத்தவளைப் பார்க்கிற பார்வை அது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு சின்யோரா அன்று முழுக்க எழும்பவில்லை. அடுத்த நாள், என்னால் முடியாது, இப்போது முடியாது என்றார். இருவரும் ஒன்றாகத்தான் திரும்பினார்கள்.

கொர்ராதோ பலெர்மோவுக்கு நேரில் வந்தான். வரவேற்பறையில் கதவைச் சாத்திவிட்டு, அங்கே என்ன நடந்தது, தங்கை என்று சொன்னது யார் என்று கேட்டான். தேத்தண்ணீர்க் கடையில் யாரோ உளறியதைத் தான் தவறாக விளங்கிக்கொண்டதாக அகஸ்ரீனா சொன்னாள். சின்யோரா மலைதான் பார்த்தார், தினமும் மலைதான் பார்த்தார். அவன் நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் தாயை வேறு யாரிடம் விடுவது? ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனான்.

வலன்ரைனிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள்.

"ஏன் அந்த மனுசிக்காகப் பொய் சொன்னனி?" என்று அவன் கேட்டான்.

"தெரியேல்லை" என்றாள். பிறகு, "மகனும் ஒருவேளை பொய்தானே சொல்லுறான்" என்றாள்.

பெர்மெஸ்ஸோவுக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் விரல் அடையாளம் கொடுத்துவிட்டு வந்த வாரம், சின்யோரா அவளை நொத்தாரிசு கிடந்த அறைக்குக் கூப்பிட்டார். கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. உன்னுடைய அட்டை கைக்கு வரும்வரை நான் எங்கும் போகமாட்டேன் என்றார். அதற்குப் பிறகு என்ன என்று அகஸ்ரீனா கேட்கவில்லை. அந்த வாக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தூக்குவதைச் சொல்லிக்கொடு, பார்த்தது போதவில்லை என்றார் சின்யோரா.

அகஸ்ரீனா செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தாள். ஐந்து வருடத்தில் அந்த வீட்டுக் கட்டிலில் அவள் படுத்தது அதுதான் முதல் தடவை. கூரையில் பூ வேலைப்பாடு இருந்தது. இவ்வளவு நாளும் அதை அவள் கண்டதேயில்லை. காலை அகட்டி நில்லுங்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் முழங்கால் என் முழங்காலை முட்டட்டும் என்று படுத்தபடியே சொன்னாள். தூக்கக் கூடாது, கட்டிப்பிடிக்க வேண்டும்.

சின்யோரா குனிந்தார். மகனைக் கூடக் கன்னத்தோடு கன்னம் தொட்டு விலகிவிடுகிறவரின் கைகள் அவளுடைய முதுகுக்குக் கீழே தயங்கித் தயங்கி நுழைந்தன. முகம் மிக அருகே வந்தது. கோப்பி மணந்தது. அப்படியே நின்று, அவளுடைய கண்ணுக்குள் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

"சரியாகத்தான் சொல்லித்தருகிறாயா?"

அகஸ்ரீனா கண்ணை மூடி, கழுத்தைத் தளர விட்டு, ஒரு பக்கம் செத்த உடம்பு எப்படிக் கனக்குமோ அப்படித் தன் உடம்பை அந்தக் கைகளில் கனக்க விட்டாள்.