மஞ்சள் குண்டூசி

பெயின்டர் தன் மனைவியின் உதட்டில் ஈரப் பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. இன்று சாயங்காலம் தாண்டாது என்று காலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இனி யார் வந்து என்ன ஆகப்போகிறது?

வந்தவர் நடுப்புள்ளி. அவள் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் மூத்தவர். அந்தப் பட்டப்பெயர் அவள் வைத்தது.

இருவருக்கும் பதினெட்டு வருஷச் சண்டை. பால்வெளியின் ஒரு மூலையிலிருந்து மிக உயர் ஆற்றல் காமாக் கதிர்கள் வந்துகொண்டிருந்தன. எது அனுப்புகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் அளந்து சொல்லச் சொல்ல, பெயின்டர் அந்த இடத்தைப் படுக்கையறைச் சுவரில் சிவப்புத் திட்டாக வரைந்து கொடுத்தார். மூலம் திட்டின் நட்டநடுவில்தான் என்று ஒருநாள் வீட்டுக்கு வந்த நடுப்புள்ளி நீலக் குண்டூசியைக் குத்தினார். அவளோ நாலு விரல் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தில் மஞ்சளைக் குத்தினாள். வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம் வெடித்த வேகத்தில் அங்கே ஓடிவிட்டது, முன்பு அது இறைத்துவிட்டுப் போன துகள்கள்தான் இங்கே இன்னும் ஒளிர்கின்றன என்றாள்.

தாலி கட்டினவர் பெயின்டர் என்பதால் இந்த அம்மாவுக்கு வெறும் சுவரிலும் நட்சத்திரம் தெரிகிறது என்று நடுப்புள்ளி கூட்டத்தில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்று சாப்பிடவில்லை.

பெயின்டருக்குக் காமாக் கதிர் புரியாது. ஆனால் மூன்று தடவை அந்த அறைக்கு வண்ணம் அடித்தபோதும் பிரஷ் மஞ்சள் ஊசியைச் சுற்றிக்கொண்டுதான் போனது.

நடுப்புள்ளி உட்காரவில்லை. கட்டிலருகே குனிந்தார்.

"அந்த நட்சத்திர மிச்சத்தோட துடிப்பு கிடைச்சிருச்சும்மா. ரேடியோ தொலைநோக்கியில. நொடிக்கு ஒன்பது தடவை. மூணு நாளா நானே சரிபார்த்தேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். "எங்க?"

அவர் சுவரருகே போனார். நீல ஊசியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மஞ்சளின் மேல் விரலை வைத்தார்.

"இங்கதான். உங்க ஊசி மேலயே."

அவள் வெகுநேரம் சுவரையே பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"ஏங்க, அவருக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க. நல்லா ஸ்ட்ராங்கா. தோத்துட்டு வந்திருக்காரு."

நடுப்புள்ளி சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெயின்டர் டீயோடு திரும்பியபோது அவர் அவள் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவள் போய்விட்டிருந்தாள். உதட்டோரத்தில் அந்தக் குறும்பு மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் ஆராய்ச்சிக்கூடமே திரண்டு வந்தது. அன்று சிரித்தவர்களும் வந்தார்கள். ஒவ்வொருவரையும் நடுப்புள்ளியே அறைக்குள் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, பெயின்டர் வேலைப்பையை எடுத்துவந்தார். நீல ஊசி இருந்த துளையில் பட்டி வைத்து அழுத்தினார். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தார். பழைய டப்பாவில் அதே சிவப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒரு தொடு தொட்டு, துளை இருந்த இடமே தெரியாமல் மூடினார்.

பிறகு ஒரு துணியை எடுத்து, மஞ்சள் ஊசியின் தலையிலிருந்த தூசியைத் துடைத்தார்.