ப்ரையனி என்னைக் கூப்பிட்ட பெயர்

என் மனைவி ப்ரையனி பிப்ரவரியில் இறந்தாள். வயது முப்பத்தொன்று. இயற்கையையும் தேவியையும் வணங்கும் எங்கள் வழியில் ஒருவர் இறந்தால், அவர் கைப்பட எழுதிய சடங்குப் புத்தகத்தை யாரும் படிக்காமல் எரித்துவிட வேண்டும். எரிக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வட்டத்தின் பூசாரிணி ஹெஸ்டரிடம் கொடுத்தேன். எங்கள் இருவர் கைகளையும் ரிப்பனால் கட்டி மணம் செய்துவைத்தவர் அவர்தான். எரித்துவிட்டதாக மறுநாள் சொன்னார்.

அக்டோபர் முப்பத்தொன்று எங்களுக்கு இறந்தவர்களின் நாள்; அன்று அவர்கள் பூசாரிணியின் வாய்வழியாகப் பேசுவார்கள் என்பது நம்பிக்கை. ஹெஸ்டர் வீட்டுக் கொட்டகையில் ஏழு பேர் வட்டமாக நின்றோம்.

“ஹீட்டரை அணைங்கப்பா, வர்ற ஆவிக்கு வேர்த்துடப் போகுது,” என்றார் தபால்காரர் காலின்.

“நீ வாயை மூடினாலே பாதி ஆவி வந்துரும்,” என்றார் ஹெஸ்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஹெஸ்டர் கண்களை மூடினார். குரல் தணிந்தது. “நான் ப்ரையனி. வலியெல்லாம் போயிடுச்சு. இனிமே வாசல்லயே பூட்ஸைக் கழட்டு. அழாதே, டாட்.”

கடைசி வார்த்தை வரும்வரை நம்பினேன்.

நான் மண் ஆய்வாளன். சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வருவதால் ப்ரையனி என்னை ‘கிளாட்’ என்பாள். மண்ணாங்கட்டி. அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த பெயர். ஆனால் அவள் கையெழுத்தில் சி-யும் எல்-லும் ஒட்டிக்கொண்டு டி போலவே இருக்கும்; clod என்று எழுதினால் dod என்றுதான் படிக்க வரும்.

சடங்குக் கத்தியால் காற்றில் ஒரு வாசல் வரைந்த பிறகுதான் வட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். நான் வரையவில்லை. நேராக நடந்தேன். ஹெஸ்டர் சமையலறைவரை பின்னால் வந்தார்.

“புத்தகம் எங்கே?”

“எரிச்சிட்டேன்னு சொன்னேனேப்பா.”

“அவ என்னைக் கிளாட்னுதான் கூப்பிடுவா. அவ எழுதினதைப் படிச்சவங்களுக்குத்தான் அது டாட்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “எட்டு மாசமா யார்கிட்டயும் பேசாம இருந்தே. உனக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டுச்சுடா.”

“அவ வார்த்தைதான் தேவைப்பட்டுது. உங்களுது இல்ல.”

துணி வைக்கும் இழுப்பறையிலிருந்து பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பல பக்கங்களின் மூலை மடக்கியிருந்தது.

மறுநாள் காலை என் தோட்டத்தில் ஒரு தகர டப்பாவில் நெருப்பு மூட்டினேன். வழக்கமாக அழைக்கும் நான்கு திசைகளை அழைக்கவில்லை. தேவியையும் அழைக்கவில்லை. வட்டம் இல்லாமல் நான் செய்த முதல் சடங்கு அது.

மூடிய புத்தகம் தீப்பிடிக்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகக் கிழித்துப் போட்டேன். மடக்கிய மூலை விரலில் தட்டுப்படும்போதெல்லாம் கை நின்றது. ஹெஸ்டருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அப்படியே போட்டேன்.