ஒரே சந்தில் பன்னிரண்டு படங்கள்

கிள்ளான் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் சுங்க அதிகாரியாக இருந்தவர் சுகுமாறன். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும், யார் வீட்டுக்குப் போனாலும் அலமாரிக்கு மேலே இருக்கும் பெட்டிகள் மீதுதான் அவர் கண் முதலில் போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் இருக்க அவர் படும் பாடு மனைவி உமாவுக்கு மட்டுமே தெரியும்.

பொழுது போக வேண்டுமே என்று அவர் சேர்ந்தது பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஒரு நிழற்படக் கழகம். பூமாலைக் கடைக்கு மேல்மாடியில், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். தலைவர் அடைக்கப்பன் பல் மருத்துவர். வருஷா வருஷம் கண்காட்சி நடத்துவார். அந்த வருஷம் வந்த படங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சுகுமாறனையும் போட்டிருந்தார்.

இராஜம்மா கழகத்தில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அறுபத்து மூன்று வயது. கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரம் பார்க்கிற வேலை செய்தவர். வெளிச்சத்துக்கு நேரே ஒவ்வொரு கையுறையாகப் பிடித்து ஊசித் துவாரம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். கூட்டத்துக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்காருவார், பால் சேர்க்காத தே ஓ தேநீர் குடிப்பார், கொமுட்டர் ரயில் பிடித்து கிள்ளானுக்குத் திரும்பிவிடுவார். அந்த இராஜம்மா கண்காட்சிக்குக் கொடுத்த பன்னிரண்டு படங்களைப் பார்த்ததும் குழுவில் எல்லாருமே அசந்து போனார்கள்.

இத்தாலியில் ஏதோ ஒரு மலை ஊர். எழுநூறு எண்ணூறு வருஷத்துக் கல் வீடுகள். ஆனால் கோட்டை இல்லை, கோபுரம் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. கதவைத் தட்டுவதற்குக் கை வடிவத்தில் ஓர் இரும்புப் பிடி. கால்பட்டுக் கால்பட்டு நடுவில் குழிந்த ஒரு படி. அந்தக் காலத்தில் கழுதை கட்டிய இரும்பு வளையம், இப்போது அதில் யாரோ சைக்கிளைப் பூட்டியிருக்கிறார்கள். கொடியில் காயும் ஒற்றைக் காலுறை. தேய்ந்து பொன்னாய் மின்னும், கதவில் கடிதம் போடும் பித்தளைத் துளை. கதவுக்கடியில் பூனையின் வால் மட்டும்.

"என்னமா எடுத்திருக்காங்க," என்றார் அடைக்கப்பன். "நடுவுல இதத்தான் மாட்டணும்."

சுகுமாறன் பன்னிரண்டையும் மறுபடி முதலிலிருந்து புரட்டினார். மறுகூட்டத்தில் தே ஓ கோப்பையோடு போய் இராஜம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்பம்மா போனீங்க இத்தாலிக்கு?"

"போன வருஷம் ஜூன்ல சார்."

"எந்த ஊரு?"

"பேரு வாயில நுழையல. மலைமேல இருக்கு."

"அந்த மாதிரி ஊருல நடுவுல ஒரு பெரிய சதுக்கம் இருக்குமே, மாதாகோயிலோட. அதையும் படம் எடுத்தீங்களா?"

"நான் அங்கெல்லாம் போகல சார்," என்று சொல்லிவிட்டு அவர் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாடு ஆனதும் சுகுமாறன் கணினியைத் திறந்தார். குழுவுக்கு அனுப்பிய கோப்புகளில் தேதி இருந்தது. பன்னிரண்டுமே 2016 ஜனவரி. போன வருஷம் ஜூன் என்றாரே?

உமா தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "ஜனவரியில அங்க குளிருமே. தொட்டியில பூ பூத்துக் கிடக்கு பாருங்க. கேமராவுல தேதி சரியா வைக்காம இருந்திருப்பாங்க."

"அதான் சொல்றேன். எதுவுமே ஒண்ணோட ஒண்ணு ஒத்து வரல."

அடுத்த இரண்டு ராத்திரியும் அவர் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஏழு படங்களின் ஓரத்தில் தரைக்கல் ஒன்று தெரிந்தது, முக்கோணமாய் மூலை உடைந்த கல். அதே கல். எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் அந்தக் கல் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பன்னிரண்டு படமும் இருபது காலடி தூரத்துக்குள் எடுத்தவை. அதுவும் நின்று எடுத்தவையல்ல. அந்தக் கை வடிவப் பிடியைக் கொஞ்சம் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்திருக்கிறது கேமரா. வெயில் மட்டும் படத்துக்குப் படம் வேறு. காலை, உச்சி, அந்தி.

இவ்வளவு தூரம் பறந்து போகிற மனுஷி இருபது காலடிக்குள்ளேயே காலையிலிருந்து மாலை வரை இருப்பாரா? இருக்கமாட்டார். அந்தச் சந்திலேயே குடியிருக்கிற யாரோ எடுத்த படம். இவர் கைக்கு எப்படியோ வந்திருக்கிறது. சுகுமாறனுக்கு உள்ளே பழைய சூடு ஏறியது. பெட்டியின் அடித்தட்டைத் தட்டும்போது கேட்கும் அந்த வெற்றுச் சத்தம் காதில் விழுந்தது போல இருந்தது.

குழுவின் வாட்சாப்பில் எழுதினார். தேதி பொருந்தவில்லை, ஊர்ப் பெயர் சொல்லத் தெரியவில்லை, அந்த ஊரிலேயே வசிக்கும் ஒருவர்தான் எடுத்திருக்க முடியும், ஆகவே இந்தப் படங்களை எடுத்தவர் இவர் அல்ல என்பது என் கருத்து. உடைந்த கல்லை ஏழு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டும் அனுப்பினார்.

ஐந்து பேர் இருக்கும் குழு. இரண்டு நாளில் கழகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ரவாங்கிலிருந்து வரும் ஒருவர், "நான் அப்பவே நெனச்சேன்லா," என்று எழுதினார். அடைக்கப்பன் வேறு வழியில்லாமல் இராஜம்மாவுக்குத் தொலைபேசினார்.

"என்ன சொன்னாங்க?" என்று சுகுமாறன் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. 'சரிங்க டாக்டர், கண்காட்சியிலேர்ந்து எடுத்துடுங்க'ன்னு வெச்சுட்டாங்க."

"கோபப்படலையா?"

"இல்ல."

"பாத்தீங்களா தலைவரே. தப்பு பண்ணாதவன் சண்டைக்கு வருவான். சத்தமில்லாம ஒத்துக்கிட்டுப் போறவன் பெட்டியிலதான் சரக்கு இருக்கும். எனக்குத் தெரியாதா?"

அடைக்கப்பன் முகம் தெளியவில்லை. அச்சடித்த பன்னிரண்டு படங்களும் கழகத்திலேயே இருந்தன. அவற்றை இராஜம்மாவிடம் சேர்ப்பித்துவிடச் சொன்னார். சுகுமாறனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஆளை நேரில் உட்காரவைத்து, யாருடைய படம் என்று கேட்டு ஒரு பதில் வாங்கிவிட்டால் மனசு அடங்கும்.

சனிக்கிழமை காலை, படங்களை ஒரு பெரிய உறையில் போட்டுக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். வரிசை வீடுகளில் மூலை வீடு. வாசலில் துளசித் தொட்டியும் பிள்ளைகளின் காலணிகளும் கிடந்தன. கேட்டைத் திறந்தது நாற்பது வயதுக்காரன் ஒருவன். கழகத்திலிருந்து வருவதாகச் சுகுமாறன் சொன்னார்.

"வாங்க அங்கிள். அம்மா பாசாருக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க. நான் பாலன், அவங்க மகன்."

உள்ளே உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தான். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான். அதுவும் சுகுமாறனுக்கு வசதியாகப் பட்டது. அம்மா வருவதற்குள் மகனிடம் நாலு கேள்வி கேட்டுவிடலாம்.

"இத்தாலிக்கு நீங்களும் போயிருந்தீங்களா தம்பி?"

"நான்தான் அங்கிள் கூட்டிட்டுப் போனேன். நான், வைஃப், பிள்ளைங்க, அம்மா. ஒரு மலை ஊருல வீடு எடுத்துத் தங்கினோம். எட்டு நாள். பாவம் அம்மாவுக்குத்தான் முதல் நாள் சாயந்தரமே படியில கால் பெசகிடுச்சு. கணுக்கால் வீங்கிப் போச்சு. டாக்டர் கட்டுப்போட்டுட்டு நடக்கவே கூடாதுன்னுட்டாரு."

சுகுமாறன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்புறம்?"

"அம்மாதான் எங்கள விரட்டினாங்க. 'பிள்ளைங்க ஆசையா வந்திருக்கு, நீங்க போய்ச் சுத்திப் பாருங்க'ன்னு. நாங்க காலையில காரை எடுத்தா ராத்திரிதான் வருவோம். பக்கத்து வீட்டு அம்மா வந்து பேசிட்டே இருந்தாங்களாம், சூப்பெல்லாம் குடுத்தாங்களாம், டிவி நல்லா இருந்துச்சாம். அம்மாவுக்கு எங்க போனாலும் ஆள் கெடைச்சிடும் அங்கிள்." சிரித்துக்கொண்டே அவன் மேசைமேல் இருந்த உறையை நோக்கிக் கையை நீட்டினான். "என்ன படம் இது? அம்மா கழகத்துக்குப் போறாங்கன்னு தெரியும். ஒண்ணும் காட்டமாட்டாங்க. என் பழைய கேமராவத்தான் வெச்சுக்கிட்டாங்க."

அந்த உறையை இழுத்துப் பிடித்துக்கொள்ள சுகுமாறனுக்கு அரை நொடி இருந்தது. இழுக்கவில்லை. அவருக்கே பதில் தேவைப்பட்டது.

பாலன் முதல் படத்தை எடுத்தான். "அட, இது எங்க வீட்டுக்கு எதிர்க் கதவு." இரண்டாவது. "இது படி." மூன்றாவது, நான்காவது. அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. காலுறைப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மறுபடி கடிதத் துளைக்குப் போனான். பன்னிரண்டையும் மேசையில் பரப்பினான். சுகுமாறன் மூன்று ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடித்ததை அவன் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

"எல்லாமே நாங்க தங்கின வாசப்படியிலேர்ந்து எடுத்தது," என்றான். "அங்க ஒரு மரநாற்காலி கெடந்துச்சு."

அந்த நேரத்தில்தான் கேட் சத்தம் கேட்டது. இராஜம்மா காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அப்புறம் சுகுமாறனைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சுகுமாறன் துறைமுகத்தில் பலதடவை பார்த்திருக்கிறார். எல்லார் முன்னாலும் துணிமணியைக் கலைத்துப் போட்டபின், ஒன்றும் கிடைக்காமல் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, சில பெண்கள் அப்படிப் பார்ப்பார்கள்.

"ஏம்மா," என்றான் பாலன். "எட்டு நாளும் இங்கயேவா உக்காந்திருந்த? காலையிலேர்ந்து?"

"வெளிய நல்லா காத்து வந்துச்சுடா."

"பக்கத்து வீட்டு அம்மா?"

"வந்தாங்க. ஒரு நாள்."

"டிவி?"

"அது எனக்குப் போடத் தெரியல." பையைக் கீழே வைத்துவிட்டு அவர் படங்களை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார். "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு ஏதாச்சும் பாப்போமேன்னு பாத்தேன். வெயில் நகர நகர ஒவ்வொண்ணா தெரிஞ்சுது. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நீ மூஞ்சிய அப்படி வெச்சுக்காத."

"நீ சொல்லியிருந்தா நான் ஒரு நாளாவது இருந்திருப்பேன்ல."

"அதுக்குத்தான் சொல்லல."

பாலன் எழுந்து உள்ளே போய்விட்டான். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

சுகுமாறன் எழுந்தார். வாசல்வரை வந்தார். இராஜம்மா பின்னாலேயே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தனியா ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார். சொல்லியிருப்பேன்."

"கேட்டேனே," என்றார் அவர், தன் குரலே தனக்குப் பிடிக்காமல்.

"நீங்க கேட்டது அப்படி இல்ல."

"படங்களக் கண்காட்சியில மாட்டச் சொல்றேன். தப்பு என்னோடதுன்னு சொல்றேன்."

"மாட்டுறதும் மாட்டாததும் உங்க இஷ்டம். ஆனா இங்க நடந்தத யார்கிட்டயும் சொல்லாதீங்க. அம்மாவ வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வாசல்ல உக்கார வெச்சுட்டான்னு என் பிள்ளைய நாலு பேர் பேசக்கூடாது. அவன் அப்படிப்பட்டவன் இல்ல."

"சொல்லமாட்டேன்மா."

அதைச் சொன்னபோது அது சுலபமான வாக்காகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இருபத்து மூன்று பேர் இருந்த கூட்டத்தில் எழுந்து நின்றபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

"இராஜம்மா அவங்க படத்தைப் பத்தி நான் எழுதினது தப்பு," என்றார். "அது அவங்க எடுத்ததுதான். எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். படங்களக் கண்காட்சியில வைக்கணும்."

"எப்படித் தெரிஞ்சுது?" என்றார் ரவாங்காரர்.

"தெரிஞ்சுது."

"அந்தத் தேதி? ஏழு இடத்துல வட்டம் போட்டீங்களே, அந்தக் கல்லு?"

"கேமராவுல தேதி சரியா வைக்கல. கல்லு... அத விடுங்க."

"போன வாரம் அப்படிச் சொன்னீங்க. கிள்ளானுக்கு ஒரு நடை போயிட்டு வந்ததும் இப்படிச் சொல்றீங்க. என்ன காரணம்னு சொன்னாத்தானே எங்களுக்கும் புரியும்?"

அறையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். ஒரே வாக்கியத்தில் எல்லார் வாயையும் அடைத்துவிடலாம். அந்த வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது. கடைசி வரிசையில் இராஜம்மா மடியில் கைகோத்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரணம் சொல்ற மாதிரி இல்ல," என்று சொல்லி சுகுமாறன் உட்கார்ந்துவிட்டார்.

அடைக்கப்பன் தன் பொறுப்பில் படங்களை மாட்டினார். நடுவில் அல்ல, பக்கச் சுவரில். கண்காட்சியின் முதல் நாள், கதவு திறந்ததுமே பாலன் தனியாக வந்தான். பன்னிரண்டு படத்துக்கு முன்னாலும் நின்றான். சுகுமாறன் தூணருகில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் போகவில்லை. அவன் படியிறங்கிப் போனான். பத்து நிமிஷத்தில், கீழே காரில் இருந்த மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திரும்பிவந்து, மறுபடி முதல் படத்திலிருந்து ஆரம்பித்தான். பிள்ளைகள் பூனை வாலைப் பார்த்துச் சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை.

இராஜம்மா மத்தியானம் வந்தார். சுகுமாறனைக் கடந்து போகும்போது தலையை ஒருமுறை அசைத்தார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதுவே அதிகம் என்று அவருக்குத் தோன்றியது.

கண்காட்சி முடிந்து சட்டங்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அடைக்கப்பன் பக்கத்தில் வந்து நின்றார். அடுத்த வருஷத் தேர்வுக் குழுவுக்கு வேறு ஆளைப் போடப் போவதாகச் சொன்னார். சுகுமாறன் சரி என்றார்.

"உண்மையச் சொல்லு சுகு," என்று குரலைத் தாழ்த்தினார் அடைக்கப்பன். "அந்தம்மா உனக்குச் சொந்தமா?"

"இல்ல தலைவரே."

அடைக்கப்பன் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. சுகுமாறன் ஆணியைப் பிடுங்கி டப்பாவில் போட்டுவிட்டு அடுத்த சட்டத்துக்குப் போனார்.