பஞ்சுக்கை

சலூன் அண்ணன் செத்துப்போன பிறகு எங்கள் தெருவில் அவரைப் பிடிக்காதவர் ஒருவர்கூட இல்லை. உயிரோடு இருந்தபோது மின்விசிறி ஓடவில்லை, பத்திரிகை பழசு, ஆள் ஓயாமல் பேசுகிறார் என்று ஆயிரம் நொட்டை சொன்னவர்கள்தான். இரங்கல் கூட்டத்தில் பார்க்க வேண்டுமே, ஆளாளுக்கு மூக்கைச் சிந்தினார்கள். அதில் முதல் ஆள் நான். தெருக் கடைக்காரர் சங்கத்துக்கு நான் தலைவர். ஜெராக்ஸ் கடைக்காரனுக்குப் பாதி நேரம் வேலை இருக்காது என்று என் தலையில் கட்டிய பதவி அது. கட்டியபோது வேண்டாம் வேண்டாம் என்றேன். இப்போது எவனாவது பிடுங்க வந்தால் கடித்துவிடுவேன்.

அவருக்குப் பஞ்சுக்கை என்று பட்டப்பெயர். கத்தி கன்னத்தில் படுவதே தெரியாது. முன்பக்கம் முடிவெட்டும் நாற்காலி. அங்கே அவருடைய அண்ணன் மகன் மெஷினை வைத்துத் தலைகளை மேய்ந்துகொண்டிருப்பான். ஷேவிங் என்றால் திரைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சாய்வு நாற்காலி. படுத்ததும் சுடுதண்ணீரில் பிழிந்த துண்டை நெற்றியிலிருந்து மூக்குவரை போட்டு மூடிவிடுவார். பிறகு தலைமாட்டில் நின்று யார் வீட்டில் என்ன சண்டை என்று பேச ஆரம்பிப்பார். கத்தி அதுபாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும். எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் பத்து வயது குறைந்திருக்கும்.

அந்தத் துண்டு கடைசி இரண்டு வருஷத்தில்தான் வந்தது. ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சுகமாக இருந்தால் எவன் கேள்வி கேட்கிறான்?

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பாதி சவரத்தில் அவருக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே மூலையில் இருந்த குழாய்க்குப் போனார். தண்ணீர் விழுந்தது. காறித் துப்பினார், வாய் கொப்பளித்தார், மறுபடி இருமினார். கத்தி நிற்கவில்லை. என் இடது தாடைக்குக் கீழே நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. என் காதருகே வேறொரு மூச்சு வந்துபோனது.

ஒரு கையை நீட்டித் துண்டை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எடுத்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அதோடு, சவரம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. குழாயை மூடிவிட்டு அவர் தலைமாட்டுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். நானும் ம் கொட்டினேன்.

அடுத்த வாரம் அவரே என் கடைக்கு வந்தார். கையில் ஏதோ ஒரு கரண்ட் பில். கடையில் ஆள் காலியாகும்வரை ஓரமாக நின்றார். பிறகு அதை மெஷின் கண்ணாடிமேல் வைக்கப் பார்த்தார். காகிதம் நிற்கவில்லை, அவ்வளவு நடுக்கம்.

"பாத்தீங்களா தலைவரே? கை போயிடுச்சு. ரெண்டு வருஷமாச்சு."

"என்னண்ணே சொல்றீங்க?" என்றேன், ஒன்றும் தெரியாத பச்சைப் பிள்ளை மாதிரி.

"உங்களுக்கெல்லாம் சவரம் பண்றது உங்க அண்ணிதான். கை நடுங்க ஆரம்பிச்சப்ப எனக்குப் பண்ணிவிட்டா. பாத்தா, என்னைவிட அவ கை சுத்தம். வேலை அவளோடது, பேரு என்னோடது." சிரித்தார். அந்தச் சிரிப்பில் சிரிப்பே இல்லை. "சொல்லிடணும்னுதான் தினம் நினைப்பேன். நீங்கள்லாம் பஞ்சுக்கை, பஞ்சுக்கைன்னு தூக்கி வச்சுப் பேசறப்ப வாய் வர மாட்டேங்குது. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா கடை அவளுக்குத்தான் வரணும். பின்னால இருக்கற வீடும் கடையோட சேர்ந்ததுதானே. கடை போச்சுன்னா அவ தெருவுல நிக்கணும். நீங்க எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நாலு பேர் கேப்பாங்க."

நாலு பேர் கேட்பார்கள் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அண்ணே, நான் இருக்கேன். கவலைய விடுங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் நடுக்கம் என் தோள்வரை ஏறியது.

இரண்டு மாதத்தில் போய்விட்டார். காலையில் கடைக் கதவைத் தூக்கினவர் அப்படியே படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

கூட்டம் மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் ஹாலில் நடந்தது. கட்டிடத்தின் சொந்தக்காரர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "சங்கம் யாரைக் கை காட்டுதோ, அவங்களுக்குத்தான் கடை. எனக்கு வம்பு வேணாம்." அண்ணி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் மகன் முதல் வரிசையில், படிய வாரிய தலையோடு.

நான்தான் முதலில் பேசினேன். வாய் கிழியப் பேசினேன். "போன மாசம்கூட அந்தக் கை என் முகத்துல விளையாடுச்சு. அந்தக் கை மாதிரி இன்னொரு கை இனிமே எந்த ஊர்ல கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டு, குரல் உடைந்த மாதிரி கொஞ்சம் நிறுத்தினேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். என் பேச்சு எனக்கே பிடித்திருந்தது. அண்ணிக்காக அடுத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "தலைவர் சொன்ன அந்தக் கைக்கு வாரிசு இதோ இருக்கான்" என்று அண்ணன் மகனைக் காட்டினார். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். சவரக்கத்தியைப் பிடித்தே அறியாதவன். மெஷினாலேயே ஒருவர் காதைப் பதம் பார்த்தவன்.

அப்போது அண்ணி எழுந்து நின்றார்.

"ரெண்டு வருஷமா உங்க எல்லாருக்கும் சவரம் பண்ணினது நான். அவருக்குக் கை நடுக்கம். துண்டு போட்டதே நீங்க என்னைப் பாக்கக் கூடாதுன்னுதான். கடைய எனக்குக் குடுங்க, நானே நடத்தறேன்."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். "துக்கத்துல என்னென்னமோ தோணும்மா. ஒரு பொம்பளை கத்தியப் பிடிக்க, நாங்க கழுத்தக் காட்டிட்டுப் படுத்திருந்தோமா? வெளிய சொல்லிடாதீங்க, எங்க மானம் போயிடும்."

"நீ சொல்லுடா" என்று அண்ணன் மகனைக் கேட்டார் அண்ணி.

"நான் முன்பக்கம்தானே சித்தி இருப்பேன்? எனக்கென்ன தெரியும்?" என்றான், நாக்கில் நரம்பில்லாமல்.

அண்ணிக்கு அதில் ஆச்சரியம் இல்லை போல. மெதுவாக என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமோ கெஞ்சலோ இல்லை. பஸ் வரும் என்று தெரிந்து நிற்பவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. "தம்பி, நீங்க சொல்லுங்க."

சொல்லத்தான் எழுந்தேன். நம்பினால் நம்புங்கள். ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அந்தக் கை, அந்தக் கை என்று நான் உருகியது இன்னும் எல்லார் காதிலும் இருந்தது. இப்போது அது அண்ணியின் கை என்றால் என் பேச்சு என்ன ஆகும்? தெரிந்தேதான் போய்ப் படுத்தீர்களா தலைவரே என்று ஒருவன் கேட்பான். மூன்றாவது வரிசையில் என் மனைவி வேறு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, நான் கண்ண மூடிட்டு இருந்தேன்" என்றேன்.

கொல்லென்று சிரித்தார்கள். இறுக்கம் விட்டதில் எல்லாருக்கும் நிம்மதி. நானும் சேர்ந்து சிரித்தேன். கடை அண்ணன் மகனுக்கு, கடைக்கு அவர் பெயர், பெரிதாக ஒரு படம் கடைக்கு, இன்னொரு படம் வீட்டுக்கு என்று தீர்மானம் போட்டோம். ஒருமனதாக நிறைவேறியது. வாசலைப் பார்த்தேன். அண்ணி போயிருந்தார்.

வீட்டுக்கான படத்தை நான்தான் கொண்டுபோனேன். தலைவன் இல்லையா. மூன்றாம் நாள் மத்தியானம், கடைக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறை வீடு. அண்ணி தங்கை வீட்டுக்குக் கிளம்பத் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் புதுப் பெயர்ப்பலகைக்குச் சுவரில் துளை போடும் சத்தம். அண்ணிக்கு அழுது அழுது கண் வீங்கியிருந்தது. படத்தை வாங்கியதும் மறுபடி அழுதார். படத்தில் இருந்த அண்ணன் மீசையை விரலால் தடவி, "இத ஒதுக்கிவிட்டதும் நான்தான்" என்றார். எனக்கு முக்காலியை நகர்த்திப் போட்டார். என்னைத் திட்டுவார் என்று வந்தவனுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். கடைக்காக இல்ல, அது போச்சு. ரெண்டு வருஷமா யார்கிட்டயாவது சொல்லுங்க, ஒரே ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்கன்னு அவர்கிட்ட தலையால அடிச்சுக்கிட்டேன். கடைசில ஒரு நாள் வந்து, 'தலைவர்கிட்ட சொல்லிட்டேன், எல்லாத்தையும் சொல்லிட்டேன்'னாரு. அன்னிக்குத்தான் அவர் மேல இருந்த கோவமெல்லாம் போச்சு. நெஜமாவே உங்ககிட்ட சொன்னாரா?"

சொன்னார் என்றால் நான் துரோகி. சொல்லவில்லை என்றால் அவர் பொய்யர். அவர் செத்துவிட்டார், அவருக்கு இனி வலிக்காது. இப்படித்தான் என் புத்தி போனது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பில் ஜெராக்ஸ் எடுக்க வந்தாரு அண்ணி. இதப்பத்தி ஒண்ணும் பேசலையே."

அண்ணி கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தார். அண்ணனுடைய சட்டை. அதைப் பெட்டியில் வைக்கப் போனவர் வைக்கவில்லை.

"அப்ப என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லியிருக்காரு" என்றார். "கடைசிவரைக்கும் அந்தப் பேர விட மனசு வரல அவருக்கு."

"அப்படி இல்ல அண்ணி" என்று ஆரம்பித்தேன். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண் காய்ந்துவிட்டது. பெட்டிக்குள் இருந்த அண்ணன் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டார். பிறகு படத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

"நீங்களே வச்சுக்கங்க தம்பி. உங்களுக்குத்தான் அவரை ரொம்பப் பிடிக்கும்."

தெருவில் இன்றைக்கும் பஞ்சுக்கையைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. எல்லாருக்கும் அவர் நல்லவர். அவரோடு இருபத்தாறு வருஷம் வாழ்ந்தவளுக்கு மட்டும் அவர் பொய்யர்.