விடிந்தால் புதன்

இன்று செவ்வாய்க்கிழமை. மாலை வானியல் வகுப்புக்குப் போகவில்லை. ஏழு மணிக்கு ஜாவாவிலிருந்து லஸ்த்ரியின் அம்மா அழைப்பதாக இருந்தது, கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல. அதற்குக் காரணம் நான் போட்ட கணக்கு.

லஸ்த்ரி என் அண்ணன் கவினைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். அவனோடு ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு நான் ஜாவா நாட்காட்டியை எடுத்ததே அவளால்தான். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தை ஜாவாக்காரர்கள் ஏர்க்கலப்பை என்கிறார்கள். அது எழுவதைப் பார்த்து வயல் வேலைக்குக் காலம் குறித்தார்கள். மாலையில் மேற்கே பிறை தெரிந்தால் மாதம் பிறக்கிறது. அதனால் சூரியன் மறைந்ததுமே அவர்களுக்கு நாள் மாறிவிடுகிறது. இதையெல்லாம் ஸ்லைடில் நானே எழுதியிருந்தேன்.

பிறந்த நாளுக்கு அவர்களிடம் இரண்டு பெயர்கள். ஒன்று ஏழு நாள் வாரத்திலிருந்து, மற்றது ஐந்து நாள் சந்தைச் சுற்றிலிருந்து. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இருவரின் எண்களையும் கூட்டிப் பொருத்தம் பார்ப்பார்கள். உதாரணத்துக்கு வீட்டு ஆட்களையே போட்டேன். கவின் செவ்வாய், வாகே: ஏழு. லஸ்த்ரி சனி, பாஹிங்: பதினெட்டு. ஆக இருபத்தைந்து. அவள் சிரித்துக்கொண்டே அதை அம்மாவுக்கு அனுப்பினாள். அவளுடைய சித்தியின் கல்யாணத்திலும் கூட்டுத்தொகை இருபத்தைந்து. நான்காம் மாதம் கணவர் இறந்துவிட்டார். அது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

“உன் அசைன்மென்டுக்கு என் லைஃப்தான் கிடைச்சுதா, தாயே?” என்றான் கவின். ஹூஸ்டனை அடுத்த பேர்லேண்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அவன் மூன்றாவது காபி போட்டுக்கொண்டிருந்தான்.

லஸ்த்ரி மேஜையில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அம்மா மறுத்தால் மீறிப் பண்ணிக்கொள்ள மாட்டேன் என்று நேற்றே சொல்லிவிட்டாள்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கணக்கை ஏற்கெனவே மூன்று முறை சரிபார்த்தாயிற்று. நான்காவது முறையும் இருபத்தைந்துதான். அப்படியென்றால் கவின் பிறந்த தேதி தப்பா? அவன் பாஸ்போர்ட்டில் இருப்பது பள்ளியில் சேர்க்க அப்பா சொன்ன தேதி. அதை நம்ப முடியாது. ஜாதக நோட்டின் படத்தைப் பெரிதாக்கினேன். 1994 ஏப்ரல் 5, செவ்வாய், பின்னிரவு 4.40, விடிந்தால் புதன். சூரியன் மறைந்த பின் பிறந்திருந்தால் ஒரு நாள் கூட்ட வேண்டும். அதிகாலை பிறந்தவனுக்குக் கூட்ட வேண்டாம். சரியாகத்தான் செய்திருக்கிறேன். இருந்தும் அம்மாவைக் கூப்பிட்டேன். மணி ஆறு ஐந்து. விருதுநகரில் அதிகாலை நாலு முப்பத்தைந்து.

“என்ன மதி, இந்நேரத்துல? அங்க எல்லாருக்கும் சொகந்தான?” பின்னால் குழாய்த் தண்ணீர் குடத்தில் விழும் சத்தம்.

“சொகந்தான். எந்திரிச்சிட்டியா?”

“தண்ணி வந்திருக்கு. செவ்வாக்கிழமையும் அதுவுமா தண்ணிய விட்டுட்டான், படுபாவி. நாளைக்கு விடுவான்னுல்ல நெனச்சேன்.”

“இன்னிக்குப் புதன்மா. போனைப் பாரு.”

“போன் கெடக்கு. இன்னும் விடியவே இல்ல, அதுக்குள்ள எப்படிடீ புதனாகும்?”

ஜாதக நோட்டின் படத்தை மறுபடி திறந்தேன்.

“அம்மா, அண்ணன் எப்பப் பொறந்தான்? செவ்வாய்க்கிழமை காலையிலயா?”

“செவ்வா பூரா நான் வலியில துடிச்சேன். ராத்திரியெல்லாம் துடிச்சு, கோழி கூப்பிடுற நேரத்துல பொறந்தான். விடியல, அதான் சோசியர் செவ்வான்னு எழுதினாரு.”

நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரியன் உதிக்கும்போது மாறுகிறது. ஜாவாவில் மறையும்போது. கவின் பிறந்தபோது ஜோசியருக்கு இன்னும் செவ்வாய். ஜாவாக் கணக்கில் புதன் தொடங்கிப் பத்து மணி நேரம் ஆகியிருந்தது. ‘விடிந்தால் புதன்’ என்பதை ஏதோ எழுத்து வழக்கம் என்று தாண்டிப் போயிருந்தேன். அடுத்த சந்தை நாள் க்லிவோன். புதன் ஏழு, க்லிவோன் எட்டு: பதினைந்து.

உடனே கீழே ஓடவில்லை. வேண்டிய விடைக்காகக் கணக்கை வளைக்கிறேனோ என்று பயமாக இருந்தது. பதினைந்து நிமிடம் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினேன். பிறகுதான் இறங்கினேன்.

ஏழு மணிக்கு வீடியோவில் லஸ்த்ரியின் அம்மா. நான் சொன்னதை லஸ்த்ரி ஜாவா மொழியில் சொன்னாள். அவர் முகம் மாறவில்லை. என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

“கல்யாணம் நடக்கணும்னுதான் நாளை மாத்தினியான்னு கேக்கறாங்க,” என்றாள் லஸ்த்ரி ஆங்கிலத்தில்.

“நடக்கணும்னுதான் திரும்பப் பார்த்தேன். ஆனா மாத்தல,” என்றேன். ஜாதக நோட்டின் படத்தை அனுப்பினேன். லஸ்த்ரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவள் மாற்றிச் சொன்னாள். கடைசி இரண்டு சொற்களை அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு விரல்களை மடக்கி எண்ணினார்.

அவர் ஒரு சொல் சொன்னார். லஸ்த்ரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னவாம்? மோசமா?” என்றான் கவின்.

“முப்பத்திமூணு. தினமும் சண்டை போடுவோமாம். ஆனா பிரிய மாட்டோமாம்.”

“சண்டையா? நாங்களா? சான்ஸே இல்ல.”

“டேய், நேத்து கார்ல என்ன நடந்துச்சு?” என்றாள் அவள், தனக்குத் தெரிந்த தமிழில்.

“அது நீ எக்ஸிட்டை மிஸ் பண்ணினதால.”

“நான் இல்ல. நீதான் தப்பா சொன்னே.”

திரையில் அவள் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த யாரிடமோ நாட்காட்டியை எடுத்து வரச் சொன்னார்.